ஒரு உறுதியும் விழேல்லை

வாங்கோ மாஸ்டர், இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதிலை இருங்கோ. முத்திரையையும் கொண்டு வாங்கோ எண்டு ரெலிபோனிலை சொன்னனான், கொண்டு வந்தியளே? சரி, பையிலையே இருக்கட்டும். அது கடைசியிலை. முதலிலை உங்கடை விழா மலர் அலுவலைப் பார்ப்பம்.

ஐம்பது வருசம் காணி உறுதிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசு வேலை பார்த்ததுக்கு எனக்கு ஒரு விழா. பொன்னாடை, மாலை, மலர். பட்டமும் ஒண்டு தாறியளாம், ‘தேசவழமைக் காவலர்’ எண்டு. இல்லை எண்டு பொய் சொல்லேல்லை, கேட்ட உடனை எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்தது. பேந்து அண்டைக்குப் பின்னேரம் சாப்பாடு இறங்கேல்லை. மனிசி கேட்டா, என்னப்பா காய்ச்சலோ எண்டு. காய்ச்சல் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு சொல்லுறவை, அதுதான்.

சரி, எழுதுங்கோ. உங்கடை முதல் கேள்வி என்ன? ‘அந்நியர் ஆண்ட காலத்திலும் எங்கள் சட்டம் எப்படி நிலைத்தது?’ நல்ல கேள்வி. மேடையிலை இதை நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன்!

பறங்கி வந்தான். இராசாவைப் பிடிச்சான், கோயிலுகளை இடிச்சான். ஆனால் எங்கடை சனம் சீதனம் எப்பிடிக் குடுக்கிறது, முதுசச் சொத்து ஆருக்குப் போறது எண்டதிலை அவனாலை கை வைக்க ஏலேல்லை. பிறகு ஒல்லாந்தன். அவன் வியாபாரி, புத்திசாலி. சனத்தின்ரை வழக்குத் தீர்க்கிறதுக்கு இவங்கடை வழமை என்ன எண்டு தெரியவேணும் எண்டு ஒரு துரையைக் கொண்டு எல்லாத்தையும் எழுதுவிச்சான். எழுதினதைப் பன்னிரண்டு முதலிமாருக்கு வாசிச்சுக் காட்டி, ஓம், சரி எண்டு அவையின்ரை ஒப்பமும் வாங்கினான். பிறகு வெள்ளைக்காரன். அவனும், உது கிடக்கட்டும் எண்டு விட்டிட்டான். கொடி மூண்டு தரம் மாறினது மாஸ்டர், எங்கடை உறுதியிலை ஒரு வரி மாறேல்லை. இண்டைக்கும் கோட்டிலை நிண்டு தேசவழமை எண்டு சொன்னால் நீதவான் புத்தகத்தைத் திறக்கத்தான் வேணும்.

எழுதிப்போட்டியளே? அதுக்குக் கீழை இதையும் எழுதுங்கோ. நான் எழுதின உறுதியளிலை ஒண்டும் கோட்டிலை விழேல்லை. ஒரு உறுதியும் விழேல்லை. எத்தினை பேர் எல்லை வழக்கு, பங்கு வழக்கு எண்டு போனவை, என்ரை ஒப்பம் கிடந்த காணியை ஒருத்தராலும் அசைக்க ஏலேல்லை. அது உண்மை. அதை நீங்கள் துணிஞ்சு எழுதலாம்.

இனி நான் சொல்லுறதை எழுத வேண்டாம். பேனையை வையுங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

புவனமலர் எண்டு ஒரு பிள்ளை. பிள்ளை எண்டு சொல்லுறன், இப்ப அவவுக்கும் அறுபதுக்குக் கிட்ட. மட்டுவில் ஆள். எண்பத்தாறிலை அவவின்ரை கலியாணத்துக்குச் சீதன உறுதி எழுதினது நான்தான். ரெண்டு பரப்பு வளவுக் காணி, கிணத்தோடை. மாப்பிள்ளை சிவநேசன். இந்தா, இந்த மேசையிலைதான் கையெழுத்து வைச்சவர். சிரிச்ச முகம். கையெழுத்தின்ரை கடைசிச் சுழியை இழுத்துக் கொண்டுபோய்க் கடதாசியின்ரை கரையிலை விட்டிட்டார். ‘தம்பி, உறுதிக்கு வெளியாலை போகப் போறீர்’ எண்டு நான் பகிடி விட்டனான். அந்தக் கையெழுத்து இப்பவும் என்ரை உறுதிக் கட்டுக்குள்ளை கிடக்கு.

தொண்ணூற்றாறிலை ஆமியின்ரை ஒரு சுற்றிவளைப்பு. மண்ணெண்ணெய்க்கு எண்டு சைக்கிளிலை போன மனிசன். பிடிச்சு ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். சைக்கிள் திரும்பி வந்தது, ஆள் வரேல்லை. புவனமலர் ஏறாத வாசல் இல்லை. போட்டோவைப் பிடிச்சுக்கொண்டு வெயிலுக்கை நிக்கிற பொம்பிளையளைப் பேப்பரிலை பார்ப்பியள் எல்லோ, அதுக்குள்ளை மூண்டாவதோ நாலாவதோ அவ நிப்பா. நெத்தியிலை குங்குமப் பொட்டு. பெரிய பொட்டு. பதினைஞ்சு வருசம் அந்தப் பொட்டோடைதான் நிண்டவ.

ரெண்டாயிரத்துப் பதினொண்டு, சித்திரை மாதம். என்ரை கந்தோருக்கு வந்தா. முகத்திலை ஒரு வெளிச்சம். ‘ஐயா, வாணிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. மாப்பிள்ளை கிளிநொச்சியிலை படிப்பிக்கிறார். வளவை அவளின்ரை பேரிலை எழுதவேணும். கலியாண எழுத்துக்கு முதல் உறுதி கையிலை வேணுமெண்டு மாப்பிள்ளையின்ரை தகப்பன் நிக்கிறார்’ எண்டா. வாணி அவவின்ரை ஒரே மகள். தகப்பனைப் பிடிக்கேக்கை அதுக்கு எட்டு வயசு.

நான் பழைய உறுதியை எடுத்துப் பார்த்தன். பார்த்துப்போட்டுச் சொன்னன், ‘பிள்ளை, இதுக்குச் சிவநேசன்ரை கையெழுத்து வேணும்.’

மாஸ்டர், உங்களுக்குத் தெரியும். தெரியாட்டில் கேளுங்கோ. எங்கடை சட்டத்திலை சீதனக்காணி பொம்பிளையின்ரைதான். புருசன் தொட ஏலாது. ஆனால் அவ அதை விக்கிறதெண்டாலும் ஆருக்கும் குடுக்கிறதெண்டாலும் புருசன் எழுத்திலை சம்மதிக்க வேணும். தன்ரை காணி, தன்ரை பிள்ளை, ஆனால் அவன் ஒப்பம் வைக்க வேணும். அதுதான் வழமை.

‘அவர் இல்லையே ஐயா’ எண்டா.

‘இல்லை எண்டால்? செத்திட்டார் எண்டோ?’

‘ஐயோ, இல்லை ஐயா. ஆளைக் காணேல்லை எண்டு சொல்லுறன்.’

அதுக்கு நான் ஒரு பதில் சொன்னன். அந்தப் பதிலை நான் மறக்கேல்லை, ஏனெண்டால் சொல்லேக்கை எனக்கே அது வடிவாய் இருந்தது. ‘பிள்ளை, சட்டத்துக்குக் காணேல்லை எண்டு ஒண்டு இல்லை. ஆள் இருந்தால் ஒப்பம் வேணும். செத்தால் பத்திரம் வேணும். ரெண்டிலை ஒண்டு.’

அவ பழைய உறுதியைக் கையிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. பிறகு, ‘வேறை வழி இல்லையோ ஐயா?’ எண்டு கேட்டா.

நான் இல்லை எண்டன்.

அந்த நேரம் அரசாங்கம் ஒரு வசதி செய்திருந்தது. வருசக்கணக்காய்க் காணாமல் போன ஆக்களுக்கு மரணப்பதிவு எடுக்கலாம், சொந்தக்காரர் ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுத்தால் போதும். நானே படிவம் எடுத்துக் குடுத்தன். நானே கடதாசியை எழுதினன். நானும் சமாதான நீதவான்தானே, எனக்கு முன்னாலையே கையெழுத்து வைக்கலாம், அலைய வேண்டாம், எண்டு பெரிய உபகாரம் செய்யிற மாதிரிச் சொன்னன்.

மூண்டு கிழமையாலை வந்தா. வாசிச்சுக் காட்டினன். ‘எனது கணவர் இறந்துவிட்டார் என நான் உண்மையாகவே நம்புகிறேன்’ எண்ட வரியிலை மறிச்சா.

‘ஐயா, நம்புறன் எண்டு கிடக்கு. நான் நம்பேல்லையே.’

‘உது சும்மா வாசகம், பிள்ளை. எல்லாருக்கும் உதேதான்.’

பேனையைக் குடுத்தன். பிடிச்சுக்கொண்டே இருக்கிறா. கடதாசியையும் பார்க்கிறா, என்னையும் பார்க்கிறா. எனக்கு அதிலை இருக்க ஏலேல்லை. ‘மழை வரப்போகுது, சைக்கிள் நனையும், எடுத்து உள்ளுக்கை விட்டிட்டு வாறன்’ எண்டு எழும்பி வெளியிலை போட்டன். மாஸ்டர், வெளியிலை நல்ல வெயில். சைக்கிளை ஒருக்கா உருட்டிக் கொண்டுபோய் மாமரத்துக்குக் கீழை விட்டன். திரும்பி எடுத்து வந்து சுவரோடை சாத்தினன். நான் உள்ளுக்கை வரேக்கை கையெழுத்து விழுந்திருந்தது. எனக்கு முன்னாலை ஒப்பமிட்டார் எண்டு எழுதி முத்திரையைக் குத்தினன். எனக்கு முன்னாலை!

பத்திரம் வந்தது. உறுதி எழுதினன். ஒரு அப்பழுக்கில்லாத உறுதி. ஆனால் மரணப் பத்திரம் எண்டது எங்கடை ஊரிலை மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டுற சாமானே? சிவநேசன்ரை தமக்கைக்காரி வந்து நிண்டிட்டா. ‘பத்திரமும் எடுத்தாச்சு. பிறகென்ன பொட்டும் பூவும்? கலியாண வீட்டிலை சபை என்ன சொல்லும்? என்ரை தம்பிக்கு ஒரு அந்தியேட்டி வேண்டாமோ?’ எண்டு. அவவைக் கீரிமலைத் தீர்த்தக்கரைக்குக் கொண்டுபோய் எல்லாம் செய்விச்சினம். சாம்பல் இல்லை, எலும்பு இல்லை. ஒரு தர்ப்பையை ஆளாய் வைச்சுச் செய்ததாம். அங்கை வைச்சுத்தான் பொட்டை அழிச்சது.

கலியாணத்துக்கு எனக்கு முதல் வரிசையிலை கதிரை. அழைப்பிதழிலை ‘காலஞ்சென்ற சிவநேசன்’ எண்டு அச்சடிச்சிருந்தது. கன்னிகாதானம் சித்தப்பனும் சித்தியும் குடுத்தினம். வாணி தாலி கழுத்திலை ஏறின உடனை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஆரைத் தேடுது எண்டு எனக்குத் தெரியும். தாய் சமையல் கொட்டிலுக்குப் பக்கத்திலை, வாழைக்குலை கட்டின தூணுக்குப் பின்னாலை நிண்டவ. புருசன் இல்லாதவ மணவறைக்குக் கிட்ட வரக்கூடாதெல்லோ. அதுவும் வழமைதான், அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, ஆனால் எழுதினதை விட உறுதி.

பந்தியிலை இருக்கேக்கை அவ வந்தா. வெள்ளை நெத்தி. ‘ஐயா, பாயாசம் விட்டவையே?’ எண்டு கேட்டா. நான் ஓம் எண்டன். இலையை விட்டுத் தலையை நிமித்தேல்லை.

இப்ப நீங்கள் கேப்பியள், இதிலை என்ன பிழை, சட்டப்படிதானே செய்தனீர் எண்டு. நானும் உதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான். கேளுங்கோ.

அந்தச் சட்டத்திலை ஒரு பிரிவு கிடக்கு. வெள்ளைக்காரன் எங்கடை வழமையை எடுத்துத் தன்ரை சட்டமாய் அடிக்கேக்கை போட்ட நாலு வரி. புருசன் விட்டிட்டுப் போனால், மறியலிலை கிடந்தால், புத்தி பேதலிச்சால், இல்லாட்டில் அவன் எங்கை இருக்கிறான் எண்டு தெரியாட்டில், பொம்பிளை கோட்டுக்கு ஒரு மனு போடலாம். புருசன்ரை சம்மதத்துக்குப் பதிலாய்க் கோடு சம்மதம் குடுக்கும். செத்தவன் எண்டு சொல்லத் தேவையில்லை. சத்தியக்கடதாசி தேவையில்லை. கீரிமலை தேவையில்லை. எங்கை எண்டு தெரியேல்லை, அவ்வளவுதான். அவவின்ரை வாயிலை இருந்த அதே வார்த்தை சட்டத்திலை கிடந்தது. நான் சட்டத்துக்கு அப்பிடி ஒண்டு இல்லை எண்டு சொன்னன்.

அந்தப் பிரிவு எனக்கு அந்த நேரம் நினைவிலை வரேல்லை. வயசு, வேலைப் பாரம், மறந்து போச்சுது. ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு சொல்லுறவை. பின்னாலை ஒருநாள் புத்தகம் புரட்டேக்கைதான் கண்ணிலை பட்டது.

தேத்தண்ணி இன்னும் கிடக்கு. குடியுங்கோ.

இல்லை மாஸ்டர். உது பொய். இப்ப சொன்னது பொய். எட்டு வருசமாய் இதைச் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிப் போச்சுது.

எழுபத்தொன்பதிலை ஒரு டொக்டரின்ரை மனிசி என்னட்டை வந்தவ. புருசன் லண்டனிலை வேறை ஒருத்தியோடை. ஒப்பம் வைக்கமாட்டன் எண்டு நிண்டவர். அவவை நானே காரிலை கூட்டிக்கொண்டு போய் வழக்குப் பேசுற பிறக்கிராசியாரிட்டை விட்டு, இந்தப் பிரிவிலை மனுப் போடுங்கோ எண்டு சொன்னனான். நாலு மாதத்திலை கோடு சம்மதம் குடுத்தது. நான் உறுதி எழுதினன். எனக்கு அந்தப் பிரிவு தெரியும். புவனமலர் ‘வேறை வழி இல்லையோ’ எண்டு கேக்கேக்கை அது என்ரை நாக்கு நுனியிலை நிண்டது. சறுக்கிறது எண்டால் தெரியாமல் நடக்கிறது. நான் பார்த்துத்தான் கால் வைச்சனான்.

ஏன் எண்டு கேக்கமாட்டியளே? கேளுங்கோ.

டொக்டரின்ரை மனிசிக்கு எதிராய் வழக்குப் போட ஒருத்தரும் இல்லை. சிவநேசனுக்குத் தமையன் தம்பி நாலு பேர். கோடு குடுத்த சம்மதத்தை நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டால்? ஒரு நாளைக்குச் சிவநேசனே வந்து நிண்டால்? மரணப் பத்திரம் எண்டால் ஒரு கேள்வியும் இல்லை. மறுதரம் அந்த உறுதியை ஒருத்தன் தொட ஏலாது. என்ரை உறுதி விழக்கூடாது, அவ்வளவுதான் மாஸ்டர். அந்தாள் திரும்பி வந்தாலும் என்ரை உறுதி விழக்கூடாது. நாலு மாதம் பிந்தும், கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளலாம் எண்டு மாப்பிள்ளையின்ரை தகப்பனிட்டை நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்த மனிசன் கேட்டிருக்கும். என்னை மதிக்கிற ஆள். நான் சொல்லேல்லை.

இன்னொண்டும் இருந்தது. அந்தப் பிரிவு எங்கடை இல்லை, வெள்ளைக்காரன் வைச்ச பின்வாசல் எண்டு எனக்கு ஒரு இளக்காரம். மேடையிலை பேசுற ஆள் எல்லோ! புருசன் ஒப்பம் எங்கடை பழசு, மூண்டு ராச்சியம் தாண்டி வந்தது எண்டு எனக்குப் பெருமை. மூண்டு ராச்சியமும் ஒரு பொம்பிளையின்ரை நெத்திக்கு மேலாலைதான் தாண்டி வந்தது எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. பாருங்கோ, இதிலையும் பேச்சு வருது. என்ரை வாய் அப்பிடி. விடுங்கோ.

போன வருசம் அவவின்ரை வீட்டுக்குப் போனன். பேப்பரிலை கண்டன், செத்தது எண்டு பதிஞ்ச ஆக்களின்ரை பத்திரத்தை இப்ப மாத்தலாமாம். ஆளைக் காணேல்லை எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழ் குடுக்கினமாம். அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு போனன். முற்றத்திலை நெல்லுக் காயவிட்டுக்கொண்டு நிண்டவ. ‘வாங்கோ ஐயா’ எண்டு கதிரை போட்டா. நான் கதிரையிலை இருந்து, துண்டைக் குடுத்து, மெல்ல மெல்ல அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டன். மறதி எண்ட கதையோடைதான் வெளிக்கிட்டன்.

‘தெரியும் ஐயா’ எண்டா.

‘என்னது?’

‘உந்தச் சான்றிதழ் கேட்டுப் பதிவுக் கந்தோருக்குப் போனனான். அங்கை இருந்த பிள்ளை சொன்னது, அம்மா, நீங்கள் அப்பவே கோட்டாலை எடுத்திருக்கலாமே, ஏன் செத்ததெண்டு பதிஞ்சனீங்கள் எண்டு. ரெண்டு வருசமாய்த் தெரியும்.’

ரெண்டு வருசம்! அந்த ரெண்டு தைப்பொங்கலுக்கும் எங்கடை வீட்டுக்குப் பொங்கல் அனுப்பினவ மாஸ்டர். நான் சாப்பிட்டனான்.

‘ஏன் பிள்ளை என்னட்டை வந்து கேக்கேல்லை?’ எண்டன்.

‘கேட்டு? நீங்கள் மறந்து போனன் எண்டு சொல்லுவியள். நான் ஓம் எண்டு சொல்ல வேணும்.’ நெல்லைக் காலாலை துழாவிக்கொண்டு நிண்டா. கோவம் இல்லை. கோவிச்சிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். ‘உறுதி நல்ல உறுதி ஐயா. வாணி இருக்கிறாள், ரெண்டு பிள்ளையள். அதுக்கு நான் குறை சொல்லேல்லை. ஆனால் நான் பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் மழை எண்டு எழும்பிப் போனனீங்கள். வெளியிலை வெயில். யன்னலாலை எனக்குத் தெரிஞ்சது. நீங்கள் சைக்கிளை அங்கையும் இஞ்சையும் உருட்டினதைப் பார்த்துக்கொண்டுதான் நான் கையெழுத்து வைச்சனான். ஐயாவுக்கு என்னைப் பார்க்க ஏலாமல் இருக்கு, அவ்வளவு இரக்கம் எண்டு அப்ப நினைச்சனான்.’

இரக்கம் எண்டு நினைச்சிருக்கிறா.

பத்திரத்தை மாத்துறதுக்கு மனுக் குடுத்திருக்கிறா. ஆனால் அவவே சத்தியம் பண்ணின கடதாசி எல்லோ, ஏன் அப்பிடிச் சத்தியம் பண்ணினனீர் எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கினமாம். அவ என்ரை பேரைச் சொல்லேல்லை. ‘எனக்குச் சட்டம் தெரியாமல் வைச்சிட்டன்’ எண்டு எழுதிக் குடுத்திருக்கிறா. பழியைத் தன்ரை தலையிலை போட்டிருக்கிறா. அதாலை இழுபட்டுக்கொண்டு கிடக்கு.

சரி, இப்ப முத்திரையை எடுங்கோ.

இது அவவின்ரை மனுவோடை குடுக்கிறதுக்கு என்ரை சத்தியக்கடதாசி. என்ரை கையெழுத்துக்கு நானே நீதவானாய் நிக்க ஏலாது, நீங்களும் சமாதான நீதவான் எல்லோ, அதுதான் உங்களைக் கூப்பிட்டது. மலர் கிடக்கட்டும். எனக்கு முன்னாலை ஒப்பமிட்டார் எண்டு எழுதுறவருக்கு என்னத்துக்கு ஒப்பமிட்டார் எண்டு தெரியவேணும், அதுக்குத்தான் இவ்வளவு கதையும். இது பதிவுக் கந்தோருக்குப் போனால் ஊருக்குப் போகும். விழாவை வைக்கிறதோ விடுறதோ நீங்கள் கூட்டத்திலை பேசி முடிவெடுங்கோ.

பொறுங்கோ. மூண்டாம் பந்தியை வாசியுங்கோ. ‘மேற்படி பிரிவை மறதியினால் அவருக்கு எடுத்துரைக்கத் தவறினேன்.’ முந்தநாள் எழுதினது. அண்டைக்கும் கை அப்பிடித்தான் எழுதினது. பேனையைத் தாங்கோ. ‘மறதியினால்’ எண்டதை வெட்டுறன். மேலை ‘தெரிந்திருந்தும்’ எண்டு எழுதுறன். ‘தவறினேன்’ எண்டதையும் வெட்டிப் போட்டு ‘எடுத்துரைக்கவில்லை’ எண்டு போடுறன். வெட்டின இடத்திலை கரையிலை சுருக்கொப்பம். நீங்களும் ஒண்டு வையுங்கோ, இல்லாட்டில் பிறகு கேள்வி வரும்.

இப்ப கீழை என்ரை ஒப்பம். நீங்கள் இருங்கோ மாஸ்டர், கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து என்ரை கையைப் பாருங்கோ. நானும் எழும்பி வெளியிலை போகேல்லை.